உப்பு கூடியிருக்காம்

அப்பா எந்தப் புத்தகத்தை எடுத்தாலும் முதலில் அட்டைக்கு அடுத்த பக்கத்தைத்தான் பார்ப்பார். தலைப்பு, எழுதியவர் பெயரெல்லாம் அப்புறம். முதற்பதிப்பு என்று போட்டிருக்கும் இடத்தில் விரலை வைத்து வருஷத்தைப் பார்த்துவிட்டு, "எழுவத்தி ரெண்டுல எழுதுனது" என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வார். வருஷம் போடாத புத்தகம் என்றால் உதட்டைப் பிதுக்குவார். படிக்கமாட்டார் என்றில்லை, படிப்பார். ஆனால் கடன் கேட்டு வந்தவனிடம் பேசுவதுபோல ஒரு எச்சரிக்கையோடு படிப்பார்.

மன்னார்குடிக்குத் தெற்கே எங்கள் ஊர். மூன்றரை ஏக்கர். அப்பா எட்டாம் வகுப்பு வரை படித்தவர். கதைப் புத்தகம் தொடமாட்டார். "கதையெல்லாம் உங்கம்மா படிப்பா" என்பார், ஏதோ அது அம்மாவின் துறை மாதிரி. அவருக்கு வேண்டியது விஷயம். மண், பூச்சி, உடம்பு, சாமி எப்படி வந்தது, சாதி எப்படி வந்தது, இங்கிலீஷ்காரன் எப்படி வந்தான். கிளை நூலகத்தில் இருந்த பெரியார் நூல்களையும் விவேகானந்தரையும் ஒரே வாரத்தில் மாற்றி மாற்றி எடுத்து வருவார். மாஸ்கோவில் அச்சடித்து மலிவு விலையில் கீழத்தஞ்சை முழுக்க வந்து இறங்கிய மிர் பதிப்பக அறிவியல் புத்தகங்களில் இரண்டு எங்கள் வீட்டுப் பரணில் இன்னும் இருக்கின்றன. பூச்சி அரித்தாலும் பைண்டிங் விடவில்லை. நான் இன்ஜினியரிங் போனதற்கு அந்த இரண்டு புத்தகமும் ஒரு காரணம் என்று அப்பா சொல்வார். எனக்கு அப்படித் தோன்றவில்லை, ஆனால் மறுத்ததில்லை.

இந்த மனிதரிடம்தான் 2022 ஏப்ரலில் நான் ஒரு பொய் சொன்னேன்.

தஞ்சாவூரில் ஒரு தனியார் மருத்துவமனை. பெயர் வேண்டாம், தவறு அவர்களுடையது அல்ல. அப்பாவுக்குச் சர்க்கரை வந்து பதினெட்டு வருஷம் ஆகியிருந்தது. கால் வீக்கம், சாப்பிட்டால் குமட்டல் என்று போனோம். டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு என்னிடம் ஆங்கிலத்தில் பேச ஆரம்பித்தார். கிரியேட்டினின் 5.8. சிறுநீரகம் வேலை செய்யும் வேகம் கிட்டத்தட்ட பத்து. பதினைந்துக்குக் கீழே போனாலே கடைசிக் கட்டம் என்று கணக்கு. சில மாதங்களில் டயாலிசிஸ் தேவைப்படும், அதற்கு இப்போதே கையில் ஃபிஸ்டுலா போட்டுவிடுவது நல்லது என்றார். கையில் ஒரு தமனியையும் சிரையையும் இணைத்துத் தைப்பது. தைத்த உடனே பயன்படாது. அந்த ரத்தக்குழாய் பருத்துத் தடித்து ஊசி தாங்குவதற்கு ஆறு வாரம் முதல் மூன்று மாதம்வரை ஆகும். அதனால்தான் முன்கூட்டியே.

அப்பா பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து எங்கள் இருவர் வாயையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். டாக்டருக்குத் தமிழ் நன்றாகத் தெரியும். நர்ஸிடம் தஞ்சாவூர்த் தமிழில்தான் பேசினார். நான் நினைத்திருந்தால் "சார், அப்பாகிட்டயே சொல்லுங்க" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. வெளியே வந்ததும் அப்பா கேட்டார்.

"என்னவாம் தம்பி?"

"ஒண்ணுமில்லப்பா. உப்பு கொஞ்சம் கூடியிருக்காம். மாத்திரை குடுத்திருக்காங்க. பின்னாடி தேவைப்பட்டா கையில சின்னதா ஒரு ஆபரேஷன் பண்ணிக்கலாம்னு சொல்றாங்க."

இதில் நேரடியான பொய் எது என்று தேடினால் கிடைக்காது. கிரியேட்டினினை நம் ஊரில் உப்பு என்றுதான் சொல்கிறார்கள். மாத்திரை கொடுத்தது உண்மை. ஆபரேஷன் சின்னது என்பதும் உண்மை. 'தேவைப்பட்டா' என்ற ஒரு சொல்லில் மட்டும்தான் கொஞ்சம் வளைத்தேன். ஒரு வாக்கியம் முழுக்க உண்மைகளை அடுக்கி ஒரு பொய்யைக் கட்டமுடியும் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். ப்ரோக்ராம் எழுதுகிறவனுக்கு இது முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

*

அப்பாவுடைய வருஷம் பார்க்கும் பழக்கத்துக்கு ஒரு கதை உண்டு. 1960இல் தஞ்சை மாவட்டத்தைத் தீவிர விவசாயத் திட்டத்துக்குத் தேர்ந்தெடுத்தார்கள். விதை, உரம், பூச்சிமருந்து, கடன் எல்லாம் சேர்த்து ஒரே பொட்டலமாகக் கொடுப்பது. அறுபதுகளின் நடுவில் ஆடுதுறை ஆராய்ச்சி நிலையத்திலிருந்து ஏ.டி.டி. 27 வந்தது. ஜப்பான் ரகத்தையும் நம்மூர் ரகத்தையும் கலந்து எடுத்த குறுகிய கால நெல், குறுவைக்குத் தோதானது. அதைப் பற்றித் திருச்சி வானொலி நாள் தவறாமல் பேசியது. எப்போது நாற்று விடுவது, எத்தனை நாளில் பறிப்பது, எவ்வளவு உரம் என்பதெல்லாம் தெளிவாக, மக்கள் பேசும் தமிழில். பஞ்சாயத்து ரேடியோவைச் சுற்றி உட்கார்ந்து கேட்டார்கள். அந்த நெல்லுக்கே ரேடியோ நெல் என்று பேர் வந்துவிட்டது. விவசாய விஞ்ஞானத்தைத் தமிழில் கொண்டுசேர்த்ததற்கு இதைவிடப் பெரிய வெற்றியைக் காட்டமுடியாது. என் தாத்தா அந்த நெல்லை வைத்தவர். அப்பாவுக்கு அப்போது பன்னிரண்டு வயது.

சில வருஷங்களில் ஐ.ஆர். 8 வந்தது, ஐ.ஆர். 20 வந்தது, ரேடியோ நெல் போன இடம் தெரியவில்லை. அதற்காக அப்பாவுக்கு வருத்தமில்லை, ரகம் மாறுவது இயல்பு என்பார். அவருக்கு உறுத்துவது எண்ட்ரின். தண்டுத் துளைப்பானுக்கு அந்த நாளில் எண்ட்ரின் அடித்தார்கள். எவ்வளவு அடிக்க வேண்டும் என்று எல்லோருக்கும் தெரியும். ஏன் அது பூச்சியைக் கொல்கிறது, வேறு எதையெல்லாம் கொல்லும், மண்ணில் எத்தனை நாள் தங்கும் என்று யாருக்கும் தெரியாது. வாய்க்காலில் கெண்டையும் விராலும் வயிறு மேலாக மிதந்ததைப் பையன்கள் பொறுக்கப்போய் அடிவாங்கிய கதையை அப்பா பல தடவை சொல்லியிருக்கிறார். 1990இல் எண்ட்ரினைத் தடை செய்தார்கள். "அடிக்கச் சொன்னப்பவும் காரணம் சொல்லல. அடிக்காதேன்னப்பவும் காரணம் சொல்லல" என்பார்.

பிற்காலத்தில் இதே மாவட்டத்து இளங்காட்டில் பிறந்த நம்மாழ்வார் உரமே வேண்டாம் என்று ஊர் ஊராகப் பேசிக்கொண்டு போனபோது, அப்பா கூட்டத்துக்குப் போய்க் கேட்டார். மரியாதையோடு கேட்டார். திரும்பி வந்து பாதி நிலத்தில் மட்டும் செய்து பார்த்தார். மீதிப் பாதியில் பழையபடி யூரியா. "ரெண்டு பேரும் நல்லா பேசறாங்க. அதான் பயமா இருக்கு" என்றார். எனக்குத் தெரிந்த விஞ்ஞானிகள் பலரிடம் இந்த மனநிலை கிடையாது.

தமிழில் வரும் அபுனைவு நூல்களைப் பற்றி யோசிக்கும்போதெல்லாம் இந்த எண்ட்ரின் நினைவுக்கு வரும். தமிழில் சொல்வது ஒன்று, காரணத்தோடு சொல்வது வேறொன்று. உடல்நலம் பற்றித் தமிழில் எத்தனை புத்தகம் வேண்டுமானாலும் கிடைக்கும். சென்னைப் புத்தகக் காட்சியில் நாலு கடைக்கு ஒரு கடையில் சர்க்கரையை விரட்டும் புத்தகம் இருக்கும். இதைச் சாப்பிடு, அதைச் சாப்பிடாதே, இத்தனை நாளில் சரியாகும். எழுதியவருக்கு இதெல்லாம் எப்படித் தெரியவந்தது என்று ஒரு வரி இருக்காது. எங்கே சந்தேகம் இருக்கிறது என்று அறவே இருக்காது. மொழி தமிழ்தான். ஆனால் வாசகரை நடத்தும் விதத்தில் அது கட்டளை. குழந்தைப் பராமரிப்பு, பள்ளிக் கல்வி, சடங்கு, வாஸ்து எல்லாவற்றிலும் இதே குரல்தான். பகுத்தறிவு நூல்களில் சிலதும் இந்தக் குரலில்தான் பேசுகின்றன, அதையும் சொல்லிவிட வேண்டும்.

*

சரி, மன்னார்குடிக்கு வருவோம். 1931 அக்டோபரில் இந்த ஊர்ப் பக்கத்துக் கிராமங்களுக்காக ஒரு மாட்டுவண்டி நூலகம் கிளம்பியது. கனகசபைப் பிள்ளை என்பவருடைய முயற்சி. புத்தகங்களை அடுக்கிய வண்டியை மாடு இழுத்துக்கொண்டு ஊர் ஊராகப் போனது. அதே 1931இல்தான் சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் நூலக அறிவியலுக்கான ஐந்து விதிகளை வெளியிட்டார். புத்தகம் பயன்படுத்துவதற்காக. ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான புத்தகம். ஒவ்வொரு புத்தகத்துக்கும் அதற்கான வாசகர். வாசகரின் நேரத்தைக் காப்பாற்று. நூலகம் வளரும் உயிரி. கணக்கு வாத்தியாராக இருந்து நூலகராகப் போனவர், அதனால் விதி என்று பெயர் வைத்துவிட்டார். படித்தால் நூலக மேலாண்மை மாதிரி இருக்கும். எனக்கு இரண்டாவது விதி மட்டும் வேறு மாதிரிப் படுகிறது. ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான புத்தகம் உண்டு என்றால் அதைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் கடன் யாரோ ஒருவர் தலையில் இருக்கிறது என்று அர்த்தம். வாசகர் தேடி வந்தால் கொடுப்போம் என்று சொல்லி அந்தக் கடனிலிருந்து தப்பமுடியாது. மாட்டை ஓட்டிக்கொண்டு போக வேண்டும்.

1948இல் சென்னை பொது நூலகச் சட்டம் வந்ததில் ரங்கநாதனுக்குப் பெரிய பங்கு உண்டு. வீட்டு வரியோடு நூலக வரியும் சேர்த்துக் கட்டுகிறோம் என்பது இன்றைக்கும் பலருக்குத் தெரியாது. அப்பாவுக்குத் தெரியும். கிளை நூலகம் நேரத்துக்குத் திறக்காவிட்டால் "நான் வரி கட்டியிருக்கேன்" என்று வாசலில் நிற்பார்.

டெல்டாவில் இந்தக் கடனை வெவ்வேறு ஆட்கள் வெவ்வேறு விதமாக அடைக்கப் பார்த்திருக்கிறார்கள். தஞ்சாவூரில் 1798 முதல் 1832 வரை இருந்த இரண்டாம் சரபோஜி, தன்வந்திரி மகாலில் கண் நோயாளிகளுக்குச் சிகிச்சை நடக்கவைத்தார். நோயாளியின் கண் எப்படி இருந்தது, என்ன செய்தார்கள் என்று படத்தோடு எழுதிவைத்த பதிவுகள் சரசுவதி மகால் நூலகத்தில் இப்போதும் இருக்கின்றன. இந்தக் காலத்துக் கண் மருத்துவர்கள் அவற்றை ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். மருத்துவ முறைகளை நோய்வாரியாகத் தமிழ்ச் செய்யுளாக்கி வைக்கவும் ஏற்பாடு செய்தார். 'சரபேந்திர வைத்திய முறைகள்' என்று பின்னாளில் அச்சிலும் வந்தது. எனக்கு அந்தக் கண் படங்களின்மேல் ஒரு மயக்கம் உண்டு. ஆனால் அதையெல்லாம் எழுதியது வைத்தியருக்காக, அரண்மனைக்காக. அந்தக் கண்ணுக்குச் சொந்தக்காரர் தன் பதிவைப் பார்த்திருப்பாரா என்று கேட்டால், அந்தக் காலத்தில் அப்படி ஒரு கேள்வியே எழுந்திருக்காது.

கொஞ்சம் கடல் தாண்டினால் யாழ்ப்பாணம். 1847இல் அமெரிக்காவிலிருந்து வந்த சாமுவேல் கிறீன் என்ற மிஷனரி டாக்டர் மானிப்பாயில் தமிழிலேயே மேற்கத்திய மருத்துவம் சொல்லிக்கொடுத்தார். உடற்கூறு நூலைக்கூடத் தமிழில் கொண்டுவந்தார், 1872இல் 'மனுஷ அங்காதிபாதம்' வெளியானது. அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் அவரிடம் படித்து டாக்டரானார்கள். ஆங்கிலத்தில் படித்தால் அரசாங்க வேலை தேடி ஊரைவிட்டுப் போய்விடுவார்கள், தமிழில் படித்தால் கிராமத்திலேயே இருப்பார்கள் என்பது அவர் கணக்கு. மதம் பரப்ப வந்தவர், அதை அவர் ஒளிக்கவுமில்லை. ஆனாலும் நூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால் சிறுநீரகத்தைப் பற்றித் தமிழில் பாடம் நடந்திருக்கிறது. அதற்கு அப்புறம் 1981இல் தஞ்சாவூரிலேயே தமிழ்ப் பல்கலைக்கழகம் வந்து அறிவியல் களஞ்சியம், வாழ்வியற் களஞ்சியம் என்று தொகுதி தொகுதியாகப் போட்டார்கள். ஆக, நான் அப்பாவிடம் உண்மையைச் சொல்லாததற்குத் தமிழில் சொல் இல்லை என்று சாக்குச் சொல்லமுடியாது. "உங்க கிட்னி ரெண்டும் பத்துல ஒரு பங்குதான் வேலை செய்யுது" என்பதில் கலைச்சொல்லே கிடையாது.

*

என் தொழிலிலிருந்து ஒன்று சொல்கிறேன். சில வருஷங்களுக்கு முன்பு நான் இருந்த ஒரு குழுவில், கடன் வாங்கும் செயலி ஒன்றைத் தமிழுக்குக் கொண்டுவரும் வேலை வந்தது. பொத்தான்கள், மெனு, வாழ்த்துச் செய்தி எல்லாம் தமிழாக்கினோம். விதிமுறைகள் பக்கத்தை மட்டும் சட்டக் காரணம் சொல்லி ஆங்கிலத்திலேயே விட்டார்கள். கடைசியில் திரை எப்படி இருந்தது என்றால், நாற்பது பக்கம் ஆங்கிலம், அதற்குக் கீழே பளிச்சென்று பச்சை நிறத்தில் 'ஒப்புக்கொள்கிறேன்'. அந்தச் சொல்லைத் தேர்ந்தெடுத்தது நான். 'சம்மதம்' என்று போடலாமா, 'ஏற்கிறேன்' என்று போடலாமா என்று அரை நாள் விவாதித்தோம். எதை ஒப்புக்கொள்கிறார்கள் என்பதைப் பற்றி ஐந்து நிமிஷம்கூடப் பேசவில்லை.

மருத்துவமனை ஒப்புதல் படிவமும் இதே லட்சணம்தான் பல இடங்களில். நோயாளிக்குப் போதுமான தகவலைக் கொடுத்துப் பெறுவதுதான் ஒப்புதல் என்று உச்ச நீதிமன்றம் 2008இல் ஒரு வழக்கில் சொல்லியிருக்கிறது. ஆனால் மொழியைக் குறை சொல்லி நிறுத்திக்கொள்வது எனக்குச் சௌகரியமாகப் போய்விடும். 1961இல் அமெரிக்காவில் சிகாகோ மருத்துவமனை ஒன்றின் டாக்டர்களிடம் கேட்டார்கள், புற்றுநோய் என்றால் நோயாளியிடம் சொல்வீர்களா என்று. ஏறத்தாழ 90 சதவீதம் பேர் சொல்லமாட்டோம் என்றார்கள். 1979இல் அதே கேள்வியை இன்னொரு இடத்தில் கேட்டபோது 97 சதவீதம் பேர் சொல்வோம் என்றார்கள். அங்கே டாக்டருக்கும் நோயாளிக்கும் ஒரே மொழி. பதினெட்டு வருஷத்தில் அகராதி ஒன்றும் மாறிவிடவில்லை. அவர்கள் 'நோயாளியின் நன்மைக்காக' என்று சொல்லிக்கொண்டது மாறியது. என் விஷயத்திலும் ஆங்கிலம் ஒரு திரைச்சீலைதான். இழுத்து மூடியது நான்.

நன்மைக்காகச் சொல்லும் பொய்க்கு நம்மிடம் பெரிய சிபாரிசு ஒன்று இருக்கிறது. குற்றமற்ற நன்மை தருமானால் பொய்யும் உண்மையின் இடத்தில் வைக்கத்தக்கது என்கிறார் வள்ளுவர். எங்கள் வீட்டில் அக்கா இதைத்தான் எடுத்துப்போட்டாள். நான் அந்த அடைமொழியிலேயே சிக்கிக்கொண்டேன். குற்றமற்ற நன்மை. யார் குற்றம் பார்ப்பது? சிசெலா போக் 1978இல் பொய்யைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார், அதில் நோயாளிகளிடமும் இறந்துகொண்டிருப்பவர்களிடமும் சொல்லும் பொய்களுக்கு ஒரு அத்தியாயமே இருக்கிறது. பொய் சொல்பவர் எப்போதும் நன்மையைக் கூட்டியும் தீமையைக் குறைத்தும்தான் கணக்குப் போடுவார், ஏமாந்தவரின் இடத்திலிருந்து பார்த்தால் அதே கணக்கு வேறு மாதிரி வரும் என்பது அவர் வாதத்தின் சாரம். என் கணக்கைத் திருப்பிப் பார்க்கிறேன். அந்த வாரம் பெங்களூரில் எனக்கு ஒரு ரிலீஸ். மூன்று நாள்தான் லீவு. அப்பாவிடம் சொன்னால் அவர் கேள்வி கேட்பார், ஒவ்வொன்றாக, விடாமல். பயந்து அழுவார் என்று நான் நினைக்கவில்லை. கேட்பார் என்றுதான் நினைத்தேன். அவரைக் காப்பாற்றுவதாகச் சொல்லிக்கொண்டு என்னைக் காப்பாற்றிக்கொண்டேன்.

*

அந்த வருஷம் மேட்டூரை மே 24ஆம் தேதியே திறந்துவிட்டார்கள். வழக்கமாக ஜூன் 12. டெல்டா முழுக்க உற்சாகம். அப்பா மூன்றரை ஏக்கரிலும் குறுவை வைத்தார். கை ஆபரேஷனைப் பற்றி நான் போனில் இரண்டு தடவை கேட்டேன். "நடவு முடியட்டும். சின்ன ஆபரேஷன்தானே, அறுப்புக்கப்புறம் பாத்துக்கலாம். கையைக் கட்டிப்போட்டுட்டு வரப்புல எப்படி நிக்கறது?" என்றார். நான் கொடுத்த தகவலை வைத்துப் பார்த்தால் அது மிகச் சரியான முடிவு. உப்பு கொஞ்சம் கூடியதற்காக யாரும் குறுவையை விடமாட்டார்கள்.

இன்னொன்றும் நடந்தது, அது பிறகுதான் தெரியவந்தது. அப்பா சும்மா இருக்கவில்லை. உப்பு கூடியிருக்கிறது என்றதும் நூலகத்துக்குப் போய் அதற்கான புத்தகத்தைத் தேடியிருக்கிறார். உப்புச் சேர்ந்து சிறுநீரகக் கல் உண்டாவது பற்றி ஒரு புத்தகம் கிடைத்திருக்கிறது. அதில் வாழைத்தண்டுச் சாறு, இளநீர், நிறையத் தண்ணீர் என்று போட்டிருந்தது. கல்லுக்குச் சொன்னது, அந்த அளவில் அது புரட்டுப் புத்தகமும் இல்லை. ஆனால் கடைசிக் கட்டத்தில் இருக்கும் சிறுநீரகத்துக்கு வாழைத்தண்டும் இளநீரும் விஷம் மாதிரி. இரண்டிலும் பொட்டாசியம் அதிகம். அதை வெளியேற்றச் சிறுநீரகத்தால் முடியாது. ரத்தத்தில் ஏறினால் இதயம் தாளம் தப்பும். குழம்பில் உப்பைக் குறைத்துக்கொண்டு, காலையில் வெறும் வயிற்றில் ஒரு டம்ளர் வாழைத்தண்டுச் சாறு. ஜூனிலிருந்து ஆகஸ்ட் வரைக்கும். அம்மா தினமும் அரைத்துக் கொடுத்திருக்கிறாள்.

தேடுபொறி வேலையில் இருந்தவன் நான். தப்பான சொல்லைக் கொடுத்தால் நல்ல நூலகமும் தப்பான புத்தகத்தைத்தான் எடுத்துக் கொடுக்கும். அப்பாவுக்குத் தேடத் தெரியும், படிக்கத் தெரியும், சந்தேகப்படவும் தெரியும். அவரிடம் இல்லாதது சரியான ஒரு சொல். அது என்னிடம் இருந்தது.

செப்டம்பர் முதல் வாரம் மூச்சுத் திணறி விழுந்தார். கதிர் முற்றி நின்றது. பொட்டாசியம் ஏழைத் தொட்டிருந்தது. கையில் ஃபிஸ்டுலா இல்லாததால் கழுத்தில் குழாய் போட்டு அவசர டயாலிசிஸ். அந்தக் குழாய் வழியாகத் தொற்று, மறுபடி காய்ச்சல், மறுபடி அட்மிஷன். இருபத்தாறு நாள். நெல்லைப் பக்கத்து வீட்டு அண்ணன்தான் அறுத்து, கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் கூட என்று இரண்டு நாள் காத்துக்கிடந்து போட்டுவிட்டு வந்தார்.

வார்டில் இருந்தபோது யாரோ சிறுநீரகம் பற்றித் தமிழில் ஒரு டாக்டர் எழுதிய புத்தகத்தைக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார்கள். அது நல்ல புத்தகம். செயலிழப்பு என்றால் என்ன, எத்தனை கட்டம், எந்த எண் எதைக் காட்டும், எதில் டாக்டர்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு என்று சொல்லியிருந்தது. அப்பா முதலில் வருஷத்தைப் பார்த்தார். அப்புறம் அம்மாவை வீட்டுக்கு அனுப்பி ஏப்ரல் மாத ரிப்போர்ட்டைக் கொண்டுவரச் சொன்னார். எழுத்து ஆங்கிலம்தான், ஆனால் எண்ணுக்கு மொழி ஏது? நான் உள்ளே போனபோது புத்தகத்தையும் ரிப்போர்ட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டிருந்தார். கழுத்தில் கட்டு.

"ஏப்ரல்லயே அஞ்சு புள்ளி எட்டு இருந்திருக்கு தம்பி."

நான் பேசவில்லை.

"உனக்குத் தெரியும்ல?"

"தெரியும்ப்பா."

திட்டுவார் என்று நின்றேன். அவர் கொஞ்ச நேரம் ஜன்னலைப் பார்த்தார். "சொல்லியிருந்தா நிலத்தைக் குத்தகைக்கு விட்டுட்டு கையைக் காட்டியிருப்பேனே" என்றார். குரலில் கோபமே இல்லை. வண்டி நேரம் தப்பாகச் சொன்னதால் பஸ்ஸை விட்டவர் சொல்வது மாதிரி சொன்னார். அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. நான் மறைத்தது ஒரு துக்கச் செய்தி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவருக்கு அது ஒரு தகவல். நாற்று விடலாமா வேண்டாமா என்று முடிவெடுக்கத் தேவையான தகவல்.

*

இதை எழுதப்போகிறேன் என்றதும் அம்மா ஒப்புக்கொள்ளவில்லை. "நீ சொல்லியிருந்தா அன்னைக்கே படுத்திருப்பாரு. அந்த அஞ்சு மாசம் மனுசன் வயல்ல சந்தோஷமா இருந்தாரு" என்கிறாள். அந்த ஐந்து மாதம் எனக்கும் தெரியும். போனில் அவர் குரல் அப்படி இருந்தது, மே மாதமே தண்ணீர் வந்துவிட்டதென்று. அம்மா சொல்வதை நான் தள்ளிவிட முடியவில்லை. தெரிந்துகொள்ள விரும்பாதவர்கள் உண்டு, எங்கள் பெரியப்பாவே "என்கிட்ட ஒண்ணும் சொல்லாதீங்க, நீங்களே பாத்துக்குங்க" என்று டாக்டரிடம் நேராகச் சொன்னவர். அதுவும் ஒரு மனிதர் எடுத்த முடிவுதான், மதிக்க வேண்டியது. ஆனால் பெரியப்பா சொன்னார். அப்பாவிடம் யாரும் கேட்கவில்லை.

நண்பர் ஒருவர் வேறு மாதிரி மடக்கினார். எல்லாவற்றையும் தமிழில் கொண்டுவா என்று ஏன் அழுகிறீர்கள், கும்பகோணத்து ராமானுஜன் ஆங்கிலத்தில்தானே படித்தார் என்றார். உண்மைதான். கார் என்பவர் பரீட்சை மாணவர்களுக்காகத் தொகுத்த ஒரு வறட்டுக் கணக்குப் புத்தகம், 1903 வாக்கில் கும்பகோணம் கல்லூரி நூலகத்திலிருந்து அந்தப் பையன் கைக்கு வந்தது. நிரூபணம் அதிகம் இல்லாமல் ஆயிரக்கணக்கான முடிவுகள் மட்டும் அடுக்கிய புத்தகம். நான் மேலே திட்டிய கட்டளைக் குரல்தான் அதிலும். பையன் காரணங்களைத் தானே உண்டாக்கிக்கொண்டான். அந்தப் புத்தகத்தை இன்றைக்கு யாராவது நினைவில் வைத்திருந்தால் இந்த ஒரு வாசகரால்தான். ரங்கநாதனின் மூன்றாம் விதிக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது. ஆனால் கார் புத்தகத்தில் ஒரு சூத்திரம் புரியாவிட்டால் ராமானுஜனுக்கு ஒரு ராத்திரி தூக்கம் போயிருக்கும், அவ்வளவுதான். தன் உடம்பைப் பற்றிய ஒரு எண் புரியாதவருக்குப் போவது வேறு.

அப்பாவுக்கு இப்போது வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். கையில் ஃபிஸ்டுலா போட்டாயிற்று, தொட்டால் உள்ளே ரயில் ஓடுவதுபோல அதிரும். அதைப் பேத்திக்குத் தொட்டுக் காட்டுவதில் அவருக்கு ஒரு பெருமை. நிலம் குத்தகையில் இருக்கிறது. டாக்டர் இப்போது அவரிடம் நேரடியாகத் தமிழில் பேசுகிறார், அப்பா கேட்டுக்கொண்டதால். கேட்டதும் உடனே ஒத்துக்கொண்டாராம்.

போன மாதம் ஊருக்குப் போயிருந்தபோது, எழுபதை நெருங்கும் வயதில் டயாலிசிஸில் இருப்பவர்களைப் பற்றிப் புதிதாக என்ன எழுதியிருக்கிறார்கள் என்று தேடச் சொன்னார். தமிழில் கிடைக்கவில்லை. ஆங்கிலக் கட்டுரை ஒன்றை மடிக்கணினியில் திறந்து வரிவரியாகத் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தேன். எந்த வருஷம், எத்தனை பேர், எந்த நாடு என்று கேட்டுக் குறித்துக்கொண்டார். அடுத்தது ஒரு அட்டவணை. ஐந்து வருஷம் கழித்து நூற்றுக்கு எத்தனை பேர் இருந்தார்கள் என்கிற வரிசை. நான் திரையைக் கொஞ்சம் மேலே நகர்த்தினேன். அப்பா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"அந்தக் கட்டத்துல என்ன போட்டிருக்கு? படி."

படித்தேன். எழுதிக்கொண்டார்.